சர்வரில் ஃபயர்வால் விதிக் கோப்பு எழுதுவதும் ஏற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வரில் ஃபயர்வால் (எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் அரண்) விதிகளைக் கோப்பாக எழுதி ஏற்றுகிறவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகங்கள் இவை. படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டிஸ்கில் இருக்கும் கோப்பு வேறு, கர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) இப்போது ஓடும் விதிகள் வேறு. கீழே வரும் சிக்கல்களில் பாதி, இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதால் வருகிறவை.

ஒவ்வொரு விதியையும் கமாண்டாகத் தட்டினாலே வேலை செய்கிறதே, கோப்பு எதற்கு?

தட்டிய விதி கர்னலின் நினைவகத்தில்தான் இருக்கிறது. ரீபூட் ஆனால் போய்விடும். இது எல்லோருக்கும் தெரிந்த காரணம்.

அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. லினக்ஸின் பழைய ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ் கமாண்டை ஒருமுறை ஓட்டினால், அது கர்னலிலிருந்து முழு டேபிளையும் (விதிகளின் தொகுப்பு) எடுத்து, ஒரு விதியைச் சேர்த்து, முழு டேபிளையும் திரும்பக் கொடுக்கும். பழைய ஐபிடேபிள்ஸ் இப்படித்தான் இயங்குகிறது. ஐந்நூறு விதிகள் உள்ள ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் ஐந்நூறு முறை இந்த வேலை நடக்கும். நேரம் ஆவதை விட்டுவிடுங்கள். அந்த நேரம் முழுக்க சர்வர் பாதி விதிகளோடு நிற்கிறது. நடுவில் ஒரு வரி பிழையானால் பாதியோடு நின்றேவிடும்.

கோப்பிலிருந்து விதிகளை ஏற்றும் ஐபிடேபிள்ஸ்-ரீஸ்டோர் ஒரு டேபிளின் எல்லா விதிகளையும் ‘கமிட்’ வரியில் ஒரே அடியாக மாற்றுகிறது. புதிய கருவியான என்எஃப்டேபிள்ஸின் கமாண்ட் என்எஃப்டி. அதற்குச் சின்ன எழுத்தில் மைனஸ் எஃப் கொடுத்துக் கோப்பை ஏற்றினால் கோப்பு முழுவதுமே ஒரே பரிவர்த்தனை: எல்லாம் ஏறும், அல்லது எதுவும் ஏறாது. ஐபிடேபிள்ஸில் இந்த உத்தரவாதம் டேபிள் அளவில்தான். ஃபில்டர் டேபிள் ஏறி, அடுத்து வரும் நாட் (முகவரி மாற்றும்) டேபிள் தோற்கலாம்.

ஐபிடேபிள்ஸா, என்எஃப்டேபிள்ஸா?

புது சர்வர் என்றால் என்எஃப்டேபிள்ஸ். ஐபிடேபிள்ஸ் 2001-இல் வந்த 2.4 கர்னலோடு வந்தது. என்எஃப்டேபிள்ஸ் 2014 தொடக்கத்தில் வந்த 3.13 கர்னலில் சேர்ந்தது. 2019-இல் வெளியான டெபியன் 10-இலும் ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இலும் ஐபிடேபிள்ஸ் என்று தட்டினால் பின்னணியில் ஓடுவது என்எஃப்டேபிள்ஸ்தான். ஐபிடேபிள்ஸ் கமாண்டிடம் அதன் பதிப்பைக் கேட்டால், எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எந்த வகை என்று காட்டும்.

அது ‘லெகசி’ என்று காட்டுகிறது, ஆனால் என்எஃப்டியில் வேறு விதிகளும் இருக்கின்றன என்றால் கவனம். இரண்டு பக்கத்து விதிகளும் சேர்ந்தே ஓடும். ஒரு பக்கம் திறந்துவிட்ட போர்ட் மறுபக்கம் அடைபட்டிருக்கும், நீங்கள் பார்க்கிற பட்டியலில் அது தெரியவே தெரியாது.

யுஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டி இரண்டும் இவற்றுக்கு மேல் உட்காரும் முகப்புகள். அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் ஒரு சர்வரில் ஒருவர்தான் விதி எழுத வேண்டும். ஃபயர்வால்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கையால் தனிக் கோப்பை ஏற்றுவது தேவையில்லாத தலைவலி.

கோப்பை எங்கே வைப்பது?

டெபியன், உபுண்டுவில் என்எஃப்டேபிள்ஸுக்கு /இடிசி/என்எஃப்டேபிள்ஸ்.கான்ஃப். ரெட்ஹேட் குடும்பத்தில் இடிசிக்குள் சிஸ்கான்ஃபிக் அடைவில் அதே பெயர். பழைய ஐபிடேபிள்ஸுக்கு டெபியனில் ஐபிடேபிள்ஸ்-பெர்சிஸ்டென்ட் என்ற தொகுப்பைப் போட்டால் ரூல்ஸ்.வி4, ரூல்ஸ்.வி6 என்று இரண்டு கோப்புகள் வரும். உரிமையாளர் ரூட்டாக இருக்கட்டும், மற்றவர்களுக்கு எழுதும் அனுமதி வேண்டாம்.

குறைந்தபட்சம் கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

என்எஃப்டி கோப்பை மேலிருந்து கீழாகப் பார்ப்போம்.

முதலில் ‘ஃப்ளஷ் ரூல்செட்’. பழைய விதிகள் எல்லாவற்றையும் துடைக்கும் வரி இது. இது இல்லாமல் கோப்பை இரண்டுமுறை ஏற்றினால் விதிகள் இரண்டு முறை சேர்ந்துவிடும். கோப்புக்குள் இருக்கும்வரை இதற்குப் பயப்பட வேண்டாம். துடைப்பதும் புதிதாக ஏற்றுவதும் ஒரே பரிவர்த்தனை என்பதால் நடுவில் திறந்த இடைவெளி வராது. இதே வரியைத் தனிக் கமாண்டாக முதலில் ஓட்டிவிட்டு அப்புறம் கோப்பை ஏற்றினால் இடைவெளி வரும்.

அடுத்து ‘ஐநெட்’ வகை டேபிள் ஒன்று. ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் இது பொருந்தும். அதற்குள் ‘இன்புட்’ என்ற செயின் (வரிசையாகப் பார்க்கப்படும் விதிகள்): வகை ஃபில்டர், ஹுக் (கர்னலில் போக்குவரத்தைப் பிடிக்கும் இடம்) இன்புட், முன்னுரிமை 0, பாலிசி ட்ராப் (பதில் சொல்லாமல் தள்ளிவிடு). எந்த விதியிலும் சிக்காத பாக்கெட்டின் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) கதியை இந்தப் பாலிசிதான் தீர்மானிக்கிறது.

செயினுக்குள் முதல் விதி: ஏற்கெனவே நிலைபெற்ற, அல்லது அதைச் சார்ந்த தொடர்பின் பாக்கெட் என்றால் அனுமதி. பெரும்பாலான போக்குவரத்து இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும் என்பதால் இது மேலே இருப்பது நல்லது. இரண்டாவது, கனெக்‌ஷன் ட்ராக்கிங் (தொடர்புகளைக் கணக்கு வைக்கும் கர்னல் பகுதி) ‘இன்வேலிட்’ என்று முத்திரை குத்தியதை ட்ராப் செய்யும் வரி. மூன்றாவது, லூப்பேக்கில் (சர்வர் தன்னோடு தானே பேசும் வழி) வருவதற்கு அனுமதி. இதை மறந்தால் அதே சர்வருக்குள் டேட்டாபேஸோடு பேசும் செயலி திணறும், நீங்களோ டேட்டாபேஸைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். நான்காவது, ஐசிஎம்பி எனும் நெட்வொர்க் பிழை, சோதனைச் செய்திகளுக்கு அனுமதி. கடைசியாகத் திறக்க வேண்டிய போர்ட்கள்: 22 (தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச்), 80, 443 (வெப்) ஆகியவற்றை ஒரே அடைப்புக்குள் எழுதலாம்.

‘ஃபார்வர்ட்’ செயினுக்கும் பாலிசி ட்ராப். சர்வர் ரவுட்டராகவோ கண்டெய்னர் (செயலியைத் தனித்து ஓட்டும் பெட்டி) ஓட்டுவதாகவோ இருந்தால் மட்டும் அதைத் தனியாக யோசியுங்கள். வெளியே போகும் ‘அவுட்புட்’ செயினை முதல் நாளிலேயே இறுக்க வேண்டாம் என்பது என் கருத்து. டிஎன்எஸ், நேர ஒத்திசைவு, தொகுப்பு அப்டேட் என்று ஒவ்வொன்றாக உடையும். கடுப்பில் கடைசியில் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் போவார்கள்.

விதிகளின் வரிசை முக்கியமா?

ஆமாம். ஐபிடேபிள்ஸிலும் என்எஃப்டேபிள்ஸிலும் முதலில் பொருந்தும் தீர்ப்புதான் செல்லும். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஃபயர்வாலான பிஎஃப் நேர்மாறு: கடைசியில் பொருந்திய விதி செல்லும், ‘குவிக்’ என்ற சொல் இருந்தால் மட்டும் அங்கேயே முடியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

என்எஃப்டியில் இன்னொரு நுணுக்கம். ‘அக்செப்ட்’ என்பது அந்த அடிப்படைச் செயினுக்கு மட்டுமான தீர்ப்பு. அதே ஹுக்கில் வேறு டேபிளில் பிந்திய முன்னுரிமையோடு இன்னொரு செயின் இருந்தால், பாக்கெட் அங்கேயும் போகும், அங்கே ட்ராப் ஆகலாம். ட்ராப் அப்படியில்லை, விழுந்த இடத்திலேயே கதை முடிந்தது. “மேலே அனுமதித்திருக்கிறேனே, ஏன் போகவில்லை” என்கிற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

ஐசிஎம்பி-யை மொத்தமாக அடைத்துவிடலாமா?

வேண்டாம். பிங் வருவது பிடிக்கவில்லை என்றால் எக்கோ வேண்டுகோளை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபிவி4-இல் வகை 3, குறியீடு 4 என்ற செய்தி, பாக்கெட் பெரிது, சின்னதாக்கு என்று சொல்லும். ஐபிவி6-இல் அந்த வேலையை வகை 2 செய்கிறது. இவை வராவிட்டால் நேரும் கோளாறு விநோதமானது: எஸ்எஸ்ஹெச் இணைகிறது, சின்னக் கமாண்ட் ஓடுகிறது, நீளமான பட்டியல் கேட்டால் திரை உறைந்து நிற்கிறது. முதல் விதியில் ‘ரிலேட்டட்’ (சார்ந்த தொடர்பு) இருந்தால் இந்தப் பிழைச் செய்திகள் அதன் வழியே வந்துவிடும்.

ஐபிவி6-க்கு அதுவும் போதாது. பக்கத்துக் கருவியின் முகவரியைக் கண்டுபிடிக்கும் வேலையையே ஐசிஎம்பிவி6 வகை 135, 136-தான் செய்கின்றன. ஐபிவி4-இல் இதை ஏஆர்பி என்ற தனி நெறிமுறை செய்தது, ஐபி விதிகள் அதைத் தொடுவதில்லை. அந்த நினைப்பிலேயே ஐபிவி6-இல் இவற்றை அடைத்தால் இணைப்பே போகும். அதுவும் உடனே போகாது. நினைவில் இருக்கும் பக்கத்து முகவரி காலாவதியாகும்வரை ஓடிவிட்டு நிற்கும் என்பதால் பழி விதிமேல் விழாது. ரவுட்டர் அறிவிப்பை நம்பி முகவரி பெறும் சர்வர் என்றால் வகை 134-உம் தேவை. எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்பதற்கு ஆர்எஃப்சி 4890 என்றே ஓர் ஆவணம் இருக்கிறது.

தொலைவில் இருக்கும் சர்வரில் ஏற்றும்போது வெளியே பூட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

முதலில் சோதனை. என்எஃப்டிக்கு மைனஸ் சி சேர்த்துக் கோப்பைக் கொடுத்தால் ஏற்றாமல் சரிபார்க்கும். ஐபிடேபிள்ஸ்-ரீஸ்டோருக்கு ‘டெஸ்ட்’ என்ற விருப்பம் உண்டு. பிஎஃப்-இன் கமாண்டான பிஎஃப்சிடிஎல்லுக்கு மைனஸ் என். இவை இலக்கணத்தைத்தான் பார்க்கும். 22-க்குப் பதில் 222 என்று எழுதியிருந்தால் அதுவும் சரியான எண்தான், ஒன்றும் சொல்லாது.

அடுத்து, இப்போது ஓடும் விதிகளைப் பிரதி எடுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்’ தரும் வெளியீட்டில் தலையில் ஃப்ளஷ் வரி இருக்காது. அதை அப்படியே திரும்ப ஏற்றினால் புதிய விதிகள் அழியாமல் அவற்றுக்குக் கீழே பழையவை சேரும், நீங்கள் பூட்டப்பட்டே இருக்கலாம். பிரதியின் முதல் வரியாக ஃப்ளஷ் ரூல்செட்டைக் கையால் சேர்த்து, அதையும் மைனஸ் சி கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒரு காலக்கெடு வையுங்கள். ‘அட்’ கமாண்ட் மூலமோ சிஸ்டம்டி-ரன் மூலமோ, ஐந்து நிமிடத்தில் அந்தப் பிரதி தானாக ஏறட்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஷெல்லில் ‘ஸ்லீப்’ போட்டு வரிசையாக எழுதும் வழி ஆபத்து: செஷன் அறுந்தால் அதுவும் கூடவே செத்துப்போகலாம். ‘அட்’ என்றால் அதன் சேவை உண்மையிலேயே ஓடுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

இப்போது ஏற்றுங்கள். ஏற்றிய பின் இருக்கும் ஜன்னலில் என்டர் தட்டிப் பார்த்து “வேலை செய்கிறது” என்று நிம்மதி அடையாதீர்கள். அது நிலைபெற்ற தொடர்பு, முதல் விதியிலேயே உள்ளே வந்துவிடும். இன்னொரு ஜன்னலைத் திறந்து, புதிதாக எஸ்எஸ்ஹெச் செய்து, உள்ளே வர முடிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. வந்தால் காலக்கெடுவை ரத்து செய்யுங்கள். வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். ரத்து செய்ய மறப்பதும் நடக்கும். அப்போது புதிய விதிகள் சத்தமில்லாமல் பழையதுக்குப் போயிருக்கும்.

ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்ற சின்னக் கருவி இதையே செய்கிறது: ஏற்றிவிட்டு, இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு, பதில் வராவிட்டால் பழையதை வைக்கும். இயல்பான காத்திருப்பு 10 விநாடிதான். புதிய ஜன்னல் திறந்து பார்க்க அது போதாது, கூட்டிக்கொள்ளுங்கள்.

மைனஸ் எஃப் கொடுத்து எல்லா விதியையும் அழித்தேன், சர்வரே கிடைக்கவில்லை. விதியே இல்லையென்றால் திறந்துதானே இருக்க வேண்டும்?

ஐபிடேபிள்ஸில் மைனஸ் எஃப் (இது பெரிய எழுத்து) விதிகளைத்தான் அழிக்கும், பாலிசியைத் தொடாது. பாலிசி ட்ராப் என்று இருந்து, அனுமதி விதிகள் மட்டும் போய்விட்டால், மிஞ்சுவது எல்லாவற்றையும் தள்ளும் வெறும் பாலிசி. முதலில் பாலிசியை அக்செப்ட் ஆக்கிவிட்டு அப்புறம்தான் அழிக்க வேண்டும்.

என்எஃப்டியில் ஃப்ளஷ் ரூல்செட் செயினையே நீக்குவதால் பாலிசியும் போகும், சர்வர் முழுக்கத் திறந்து நிற்கும். ஆனால் ‘ஃப்ளஷ் டேபிள்’, ‘ஃப்ளஷ் செயின்’ இரண்டும் விதிகளை மட்டும் அழித்துச் செயினை விட்டுவைக்கும். அங்கே மேலே சொன்ன கதைதான்.

ஐபிடேபிள்ஸ்-ரீஸ்டோர் பிழை என்று காட்டும் வரியில் ‘கமிட்’ தவிர ஒன்றுமில்லையே?

வரிகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படுகின்றன, கர்னலிடம் போவது கமிட்டில்தான். கர்னல் மறுத்தால் பழி அந்த வரிக்குப் போகும். உண்மையான பிழை அதற்கு மேலே எங்கோ இருக்கிறது: பெரும்பாலும் கர்னலில் இல்லாத ஒரு மாட்யூல், அல்லது இந்தச் செயினில் செல்லாத டார்கெட் (பாக்கெட்டை என்ன செய்வது என்ற உத்தரவு). கோப்பைப் பாதியாக வெட்டி வெட்டிச் சோதித்தால் சீக்கிரம் சிக்கும்.

கோப்பு விண்டோஸில் எழுதப்பட்டதா என்றும் பாருங்கள். வரி முடிவில் ஒளிந்திருக்கும் கூடுதல் எழுத்து எல்லாவற்றையும் கெடுக்கும். எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதில் இரட்டைக் கோடு ஒரே நீளக் கோடாக மாறியிருப்பதும் அடிக்கடி நடக்கிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

கையால் ஏற்றினால் ஏறுகிறது. ரீபூட் ஆனால் விதிகளே இல்லை. ஏன்?

சேவையை ‘இனேபிள்’ செய்யாததுதான் முதல் சந்தேகம். அது சரியென்றால், பூட் ஆகும் நேரத்தில் என்ன இல்லை என்று யோசியுங்கள். என்எஃப்டேபிள்ஸ் சேவை நெட்வொர்க் எழும் முன்பே ஓடுகிறது. அப்படித்தான் ஓட வேண்டும், இல்லாவிட்டால் சில விநாடிகள் பாதுகாப்பில்லாமல் போகும். ஆகவே விதியில் முகவரிக்குப் பதில் டொமைன் பெயரை எழுதியிருந்தால் டிஎன்எஸ் கிடைக்காமல் கோப்பு மொத்தமும் தோற்கும். கிடைத்தாலும் அந்தப் பெயர் ஏற்றும் நேரத்தில் ஒரே ஒருமுறைதான் முகவரியாக மாறுகிறது. பின்னால் முகவரி மாறினால் விதிக்குத் தெரியாது. விதிக் கோப்பில் பெயர் வேண்டாம், எண்ணே எழுதுங்கள்.

இன்னொன்று ‘ஐஐஎஃப்’. இது இன்டர்ஃபேஸை அதன் வரிசை எண்ணால் அறிகிறது, ஏற்றும்போதே அந்த இன்டர்ஃபேஸ் இருந்தாக வேண்டும். விபிஎன் இன்டர்ஃபேஸ் பின்னால்தான் வரும் என்பதால் கோப்பு தோற்கிறது. ‘ஐஐஎஃப்நேம்’ என்று எழுதினால் பெயரை ஒப்பிடும், இன்டர்ஃபேஸ் எப்போது வந்தாலும் சரி. ஐபிசெட் (முகவரித் தொகுதிகள்) வைத்திருந்தால், அந்தத் தொகுதிகள் ஐபிடேபிள்ஸ் விதிகளுக்கு முன்னால் ஏற வேண்டும்.

டாக்கர் இருக்கும் சர்வரில் என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு விஷயம். கண்டெய்னர்களை ஓட்டும் கருவியான டாக்கர் தன் விதிகளைத் தானே போட்டுக்கொள்கிறது. நீங்கள் ஃப்ளஷ் ரூல்செட் ஏற்றினால் அவையும் துடைபட்டு, கண்டெய்னர்களின் நெட்வொர்க் போய்விடும், டாக்கர் சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்க, ஃப்ளஷ் ரூல்செட்டுக்குப் பதிலாக உங்கள் டேபிளை மட்டும் மாற்றுங்கள்: முதலில் அந்தப் பெயரில் வெறும் டேபிளை அறிவிக்கும் வரி, அடுத்து அதை நீக்கும் வரி, அப்புறம் முழு வரையறை. முதல் வரி எதற்கென்றால், இல்லாத டேபிளை நீக்கச் சொன்னால் கோப்பு பிழையாகிவிடும்.

இரண்டாவது, கண்டெய்னருக்கு வெளியிட்ட போர்ட்டை இன்புட் செயினால் தடுக்க முடியாது. நாட் ஆனபின் அந்தப் பாக்கெட் ஃபார்வர்ட் வழியாகப் போகிறது. யுஎஃப்டபிள்யூ “அடைத்தாயிற்று” என்று சொன்ன போர்ட் வெளியே திறந்திருப்பது இதனால்தான். ஐபிடேபிள்ஸ் வழியாக இயங்கும் டாக்கரில் உங்கள் விதிகளுக்கென்றே ‘டாக்கர்-யூசர்’ செயின் இருக்கிறது. வெளியே தேவையில்லாத போர்ட் என்றால் 127.0.0.1-இல் மட்டும் வெளியிடுவது இன்னும் எளிது.

ஒரு முகவரியைத் தடுத்து ஏற்றிவிட்டேன். அது இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறதே?

தடை விதிக்கு மேலே நிலைபெற்ற தொடர்புக்கான அனுமதி இருக்கிறது. பழைய தொடர்பு அதன் வழியே போகிறது. விதிகளை மாற்றினால் கனெக்‌ஷன் ட்ராக்கிங் பட்டியல் அழியாது. நிலைபெற்ற டிசிபி தொடர்புக்கு லினக்ஸின் இயல்பான காலாவதி 432000 விநாடி, அதாவது 5 நாள். ‘கான்ட்ராக்’ கருவியால் அந்த முகவரியின் பதிவுகளை நீக்குங்கள், அல்லது தடை விதியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

ஆயிரக்கணக்கான முகவரிகளைத் தடுக்க வேண்டும் என்றால்?

ஆளுக்கொரு விதி எழுதாதீர்கள். ஒரு ‘செட்’ வரையறுத்து, ஒரே விதியில் அதைக் குறிப்பிடுங்கள். பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்து ‘இன்க்ளூட்’ செய்யலாம். முகவரி வரம்புகள் இருந்தால் செட்டுக்கு ‘இன்டர்வல்’ கொடி வேண்டும். வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மோதல் என்று பிழை வரும், ‘ஆட்டோ-மெர்ஜ்’ சேர்த்தால் அது தீரும்.

ட்ராப்பா, ரிஜெக்டா?

ட்ராப் சத்தமில்லாமல் தள்ளிவிடும், ரிஜெக்ட் மறுப்பைப் பதிலாக அனுப்பும். இணையம் பக்கம் ட்ராப், உள் நெட்வொர்க் பக்கம் ரிஜெக்ட். உள்ளே இருப்பவர் தவறான போர்ட்டைத் தட்டினால் உடனே பதில் கிடைப்பது அவருக்கும் நல்லது, உங்களிடம் வரும் புகார்களும் குறையும்.

ஓடும் விதிகளைச் சேமித்து அதையே கோப்பாக வைத்துக்கொள்ளலாமா?

அவசரத்துக்கு ஆகும், வழக்கமாக்க வேண்டாம். நீங்கள் எழுதிய குறிப்பு வரிகளும் ‘டிஃபைன்’ செய்த மாறிகளும் அதில் இருக்காது. விதியோடு சேர்ந்த ‘காமென்ட்’ மட்டுமே தங்கும். கூடவே ஃபெயில்2பேன் (தவறாக நுழைய முயல்பவரைத் தானாகத் தடுக்கும் கருவி) அந்த நேரத்தில் தடுத்திருந்த முகவரிகளும் டாக்கரின் விதிகளும் கோப்பில் ஏறிவிடும், அடுத்த பூட்டில் அவை உயிர்த்தெழும். கையால் எழுதிய கோப்பே மூலம் என்று வைத்து, அதை கிட்-இல் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) போட்டு, ஏன் இந்த போர்ட் திறந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரிதான் உதவும்.

ஏற்றிய விதிகள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று எப்படி அறிவது?

‘எஸ்எஸ்’ கமாண்டால் எந்தெந்த போர்ட்டில் செயலிகள் கேட்கின்றன என்று பாருங்கள். பிறகு வேறொரு கணினியிலிருந்து, திறந்த போர்ட்களைத் தேடும் என்மேப் ஓட்டி, இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். சர்வருக்குள் இருந்தபடியே சோதித்தால் பாக்கெட் லூப்பேக் வழியாகப் போகும், எல்லாம் திறந்ததாகவே தெரியும். ஐபிவி6 முகவரிக்கும் தனியாக ஓட்டுங்கள். ஐபிடேபிள்ஸ் பயன்படுத்தி, ஐபிவி6-க்கான ஐபி6டேபிள்ஸ் கோப்பை மறந்தவர்களுக்கு அந்தப் பக்கம் வாசல் அகலத் திறந்திருப்பது அப்போதுதான் தெரியவரும்.

எந்த விதியில் பாக்கெட் விழுகிறது என்பதை எண்ணிக்கை காட்டும். ஐபிடேபிள்ஸ் தானாகவே எண்ணும், என்எஃப்டியில் விதிக்குள் ‘கவுன்டர்’ என்று எழுதினால்தான் எண்ணும். அதுவும் போதவில்லையென்றால், சந்தேகப்படும் பாக்கெட்டுக்கு ‘மெட்டா என்எஃப்ட்ரேஸ்’ கொடியை ஏற்றி, ‘என்எஃப்டி மானிட்டர் ட்ரேஸ்’ ஓட்டுங்கள். அந்தப் பாக்கெட் எந்தச் செயினில் நுழைந்து எந்த விதியில் என்ன தீர்ப்பு பெற்றது என்று வரிவரியாக வரும். வேலை முடிந்ததும் அந்தக் கொடி வரியை எடுத்துவிடுங்கள், போக்குவரத்து மிகுந்த சர்வரில் அது கொட்டும் வரிகளுக்கு அளவே இருக்காது.